அறுபதைத் தாண்டி – 17: ரிப்போர்ட் வரும் வரை

புராஸ்டேட்டிலிருந்து பயாப்சிக்குச் சதை எடுத்து அனுப்பியாகிவிட்டது. ‘ஒரு வாரம், பத்து நாள் ஆகும், வந்ததும் கூப்பிடுகிறோம்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சென்ற வாரம் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பார்த்தோம், அடுத்த வாரம் சிகிச்சை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் அந்த நாட்களைப் பற்றி மட்டும் இந்த வாரம்.

கொச்சி சுள்ளிக்கல்லில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியோடு அந்த நாட்களில் கூடவே இருந்தேன். அவருக்குச் சம்மதம் என்பதால் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே நெருக்கிக் கட்டிய ஊர் அது. ஒருவர் இரண்டு நாள் கடை திறக்காவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்கே ஆள் வந்துவிடும். “எந்தா அண்ணாச்சி, ஒரு க்ஷீணம்?” என்று பக்கத்துக் கடை இக்கா கேட்டார். “சுகர் கூடிப்போச்சு” என்று பதில் வந்தது. சுகர் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். புராஸ்டேட் என்றால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று அறுபத்தாறு வயது ஆண்பிள்ளைக்குத் தெரியாதா?

வீட்டிலும் ‘சின்ன டெஸ்ட்’ என்றுதான் சொல்லி வைத்திருந்தார். அவர் கடைக்குள் போன நேரம் பார்த்து அவருடைய மனைவியான அக்கா என்னிடம் சொன்னார்: “சீட்டை அன்னைக்கே படிச்சுட்டேன் தம்பி. அவுக வாயால சொல்லட்டும்னு இருக்கேன்.” ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகத் தூங்காமல் கிடந்தார்கள்.

இதில் உடம்பு வேறு பயமுறுத்தும். பயாப்சிக்குப் பிறகு சில நாள் சிறுநீரில் ரத்தம் கலந்து போவது வழக்கம். விந்தில் பல வாரம்கூடச் சிவப்போ பழுப்போ தெரியும். நோய் முற்றியதற்கு இது அடையாளமில்லை, ஊசி போன இடம் ஆறுகிறது, அவ்வளவுதான். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. பொறுக்கக் கூடாதது வேறு: குளிரோடு காய்ச்சல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, கட்டி கட்டியாக ரத்தம். அப்போது ரிப்போர்ட்டையும் பார்க்க வேண்டாம், மணியையும் பார்க்க வேண்டாம். சுள்ளிக்கல்காரர்களுக்குக் கருவேலிப்படி அரசு மருத்துவமனை பக்கம்தானே, உடனே கிளம்பிவிட வேண்டும்.

ஐந்தாம் நாள் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்: “இருக்குன்னு சொன்னாலும் சரி, இல்லன்னு சொன்னாலும் சரி. இந்த நடுவுல நிக்கதுதான் தம்பி முடியல.”

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 45 பேரைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, எந்தப் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறது என்று ஊகிக்கச் சொன்னார்கள். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு ஷாக். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் பதற்றம் அதிகமாக இருந்தது. வியர்வையும் கண்ணின் பாவையும் அதைக் காட்டிக்கொடுத்தன. இருதலைக் கொள்ளி எறும்பு என்று நாம் சும்மாவா சொல்லி வைத்தோம்?

ஆக, பயப்படுவது கோழைத்தனமில்லை. ஆனால் ‘இருக்கா, இல்லையா’ என்ற கேள்வியே இங்கே அரைகுறை. ஏன் என்று புரிய லேப்புக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

பெரும்பாலும் 12 இடங்களில் இருந்து சதை எடுப்பார்கள். ஒவ்வொன்றும் மெல்லிய நூல்போல, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய. ஃபார்மலினில் மணிக்கணக்காக ஊறவேண்டும். பிறகு ஆல்கஹாலில் நீர் வற்றி, உருக்கிய பாரஃபின் மெழுகு உள்ளே இறங்க வேண்டும். இதை அநேகமாக இரவோடு இரவாக மெஷின் செய்துவிடும். மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்ற கருவியில் பூட்டி, டெக்னீசியன் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் நாடா நாடாவாகக் கழன்று வரும். தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மூச்சுக்காற்று பட்டால் சுருண்டுகொள்ளும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டால் அடியிலிருந்து ஏந்தி எடுத்து, ஹீமட்டாக்சிலின் ஊதாவும் ஈயோசின் இளஞ்சிவப்பும் ஏற்றுவார்கள். அப்புறம்தான் நோய்க்கூறியல் டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் கண் வைப்பார். சந்தேகமாக இருந்தால் வேறு சாயம் போட்டு மறுபடி பார்ப்பார். அதற்கு இன்னும் சில நாள் ஆகும். ‘லேட்டாகுதே, ஏதோ இருக்கு’ என்று அண்ணாச்சி எட்டாம் நாள் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தாமதம் என்றால் தாமதம், அவ்வளவே.

கடைசியில் வருவது எல்லோருக்கும் ஆம், இல்லை என்ற ஒற்றை வார்த்தையாக இருக்காது. பி.எஸ்.ஏ. ஏறியதால் பயாப்சி செய்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கே புற்றுநோய் தெரியவருகிறது என்பது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் கணக்கு. அந்த ஒருவருக்கும் கையில் கிடைப்பது ஓர் எண். மினியாபோலிஸ் டாக்டர் டொனால்ட் கிளீசன் 1960-களில் வகுத்த முறை அது. செல்கள் எவ்வளவு ஒழுங்கு குலைந்திருக்கின்றன என்று பார்த்து, அதிகம் தென்படும் வகைக்கு ஓர் எண், அடுத்ததற்கு ஓர் எண், இரண்டையும் கூட்ட வேண்டும். இன்றைய வழக்கில் 3-க்குக் கீழே போடுவதில்லை. ஆகவே மிகக் குறைந்ததே 3+3, அதாவது 6. பத்துக்கு ஆறா என்று ஜனங்கள் நடுங்கிப்போனதும் ஒரு காரணமாக, 2014-இல் உலக நோய்க்கூறியல் நிபுணர்கள் கூடி ஒன்று முதல் ஐந்து வரை புதிய கிரேடு போட்டார்கள். பழைய 6-க்கு இப்போது கிரேடு 1. கூட்டினால் 3+4-ம் ஏழு, 4+3-ம் ஏழு. ஆனால் இரண்டாவதுக்குத்தான் வீரியம் அதிகம்.

நோய் பரவாமல் சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது பி.எஸ்.ஏ. மூலம் கண்டுபிடிக்கப்பட்ட 1,643 பேரைப் பிரிட்டனில் 15 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். நம் ஊரில் பலர் எலும்புக்குப் பரவிய பிறகுதான் வருகிறார்கள், அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் அண்ணாச்சி போன்றவர்கள் ராத்திரி மூன்று மணிக்குப் போடும் கணக்கைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, அதுவரை என்ன செய்வது? கேரளத்தில் புற்றுநோய் என்று பேச்செடுத்தாலே நடிகர் இன்னசென்ட் எழுதிய ‘கேன்சர் வார்டிலே சிரி’யைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார்கள். நல்ல மனுஷர். ஆனால் நோய் இன்னதென்று தெரிந்த பிறகு எழுதிய புத்தகம் அது. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவரைச் சிரிக்கச் சொல்வது கொடுமை.

கலிபோர்னியாவில் வக்கீல் தேர்வு எழுதியவர்கள் முடிவுக்காக நான்கு மாதம் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தை உளவியலாளர் கேட் ஸ்வீனி ஆராய்ந்தார். கவலையை அடக்க அவர்கள் கையாண்ட உத்திகள் பெரிதாகப் பலிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், கவலைப்பட்டுக்கொண்டே காத்திருந்தவர்கள்தான் கெட்ட செய்தியையும் கொஞ்சம் நன்றாகத் தாங்கினார்கள். கூடவே இன்னொன்றும் அவருடைய ஆய்வுகளில் தெரிந்தது: மெய்மறந்து மூழ்கும்படியான வேலை இருந்தால் காத்திருப்பு லேசாகிறது. டி.வி. அதற்கு உதவாது. மூளைக்குச் சற்றே சிரமம் தரும் வேலையாக இருக்க வேண்டும். அண்ணாச்சிக்கு அது பழைய பற்று நோட்டு. வராக்கடனைத் தெருத் தெருவாகப் பிரித்துக் கணக்கெழுத உட்கார்ந்தார். இரண்டு மணிநேரம் தலை நிமிரவில்லை.

தூக்கமே இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் டெலி-மனஸ் எண் 14416. மத்திய அரசின் இலவச மனநல உதவி, இரவு பகல் எப்போதும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

ரிப்போர்ட் இப்போதெல்லாம் போனுக்கே பி.டி.எஃப். ஆக வந்துவிடுகிறது. அண்ணாச்சிக்கு வந்தது சனிக்கிழமை இரவு. டாக்டரைப் பார்க்கத் திங்கள்வரை ஆகும். எந்த லேப்பாக இருந்தாலும், இதை டாக்டருக்கு முன்னால் நோயாளிக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. திறப்பதா வேண்டாமா என்று முன்பே முடிவெடுத்து வையுங்கள், திறப்பதானால் தனியாகத் திறக்காதீர்கள். அண்ணாச்சி போனை அக்காவிடம் நீட்டினார். “நீயே பாரு. ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்” என்றார்.

12-இல் இரண்டு துண்டுகளில் 3+3. திங்களன்று எர்ணாகுளத்துக்கு இரண்டு பேருமாகப் பஸ் ஏறினார்கள். ஆபரேஷன் வேண்டாம், கண்காணித்தால் போதும் என்று டாக்டர் சொன்னபோது அண்ணாச்சி ஏன் சண்டைக்குப் போனார் என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)