பேரத்தில் முடியும் நீதி

அமெரிக்க நீதிமன்றம் என்றாலே பன்னிரண்டு ஜூரிகளும் அனல் பறக்கும் வாதமும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஹாலிவுட் உபயம். நடப்பது என்னவோ பேரம். 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்ன கணக்கு: மத்திய நீதிமன்றங்களின் தண்டனைகளில் 97 சதம், மாநிலங்களில் 94 சதம் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை.

ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்? கென்டக்கியில் 88 டாலர் 30 சென்ட் போலிக் காசோலை வழக்கில் மாட்டிய ஹேய்ஸிடம் அரசு வழக்கறிஞர் வைத்த பேரம் இது: ஒத்துக்கிட்டா அஞ்சு வருஷம், விசாரணைதான் வேணும்னா, பழைய குற்றங்களையும் சேர்த்து ஆயுள். ஹேய்ஸ் விசாரணை கேட்டார்; ஆயுள் விழுந்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று இதைச் சரியென்றது. பேரத்தை ஏற்கவோ மறுக்கவோ அவருக்குச் சுதந்திரம் இருந்ததாம். அந்தச் சொல் இங்கே செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஜாமீன் கட்டக் காசில்லாமல் உள்ளே கிடப்பவருக்கும் இதே சுதந்திரம்தான். சில்லறைக் குற்றமென்றால், ஒத்துக்கிட்டா பல சமயம் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மறுத்தால் விசாரணை வரும்வரை சிறை.