சுவெட்டன்ஹம்: ஒரு குடும்பப் பெயரின் வரலாறு

இன்றைய கிள்ளான் துறைமுகம் 1972ஆம் ஆண்டு வரை போர்ட் சுவெட்டன்ஹம் என்றே வழங்கியது. கடல் கடந்து வந்த நம் முன்னோர் பலர் இம்மண்ணில் முதன்முதல் கால்வைத்த இடம் அது. 1901இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்துக்கு, கூட்டரசு மலாய் மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்டான ஃபிராங்க் சுவெட்டன்ஹமின் பெயர் சூட்டப்பட்டதைப் பலரும் அறிவர். அவருக்கு அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதையே நாம் ஈண்டுக் காண்போம்.

இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில், டேன் ஆற்றின் அருகே, சுவெட்டன்ஹம் என்றொரு சிற்றூர் உண்டு. குடும்பப் பெயரின் ஊற்று அதுவே. இக்கால ஆங்கிலத்தைக் கொண்டு இதனை 'இனிப்பு' என்றும் 'பன்றித்தொடை' என்றும் பிரிப்பது நகைப்புக்கே இடமாகும். பழ ஆங்கிலத்தில் 'ஹாம்' என்பது குடியிருப்பு. இன்றைய 'ஹோம்' அதன் வழிவந்தது. முற்பகுதி 'ஸ்வேட்டா' என்னும் ஆடவர் பெயர். (அப்பெயர் இனிமை குறித்த பழஞ்சொல்லோடு உறவுடையதாதலின், நகைப்பவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு.) இடையில் நிற்கும் 'அன்' தமிழ்ச் செவிக்கு ஆண்பால் விகுதிபோல் ஒலிக்கும். உண்மையில் அது ஆறாம் வேற்றுமை உருபு. எனவே, 'ஸ்வேட்டாவின் குடியிருப்பு' என்பதே பொருள். அவ்வுருபு ஆங்கிலப் பேச்சிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும், ஊர்ப்பெயருக்குள் இன்றும் உறைந்து கிடக்கிறது. பெயராய்வில் நமக்கு மிகுந்த சுவை தருவது இத்தகைய எச்சமே.

ஊர்ப்பெயர் ஆட்பெயரானது எவ்வாறு? 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், நிலக்கிழார்கள் தம் ஊரின் பெயரோடு, 'இன்னவூர்க்குரிய' எனப் பொருள்படும் 'டி' என்ற பிரெஞ்சுச் சொல்லைச் சேர்த்து வழங்கினர். காலப்போக்கில் 'டி' உதிர்ந்தது. ஊர்ப்பெயர் தலைமுறைதோறும் தொடர்ந்தது. நம் கோவூர் கிழார் பெயரில் உரிமை காட்டும் 'கிழார்' தங்கியது. அங்கோ ஊர் மட்டுமே தங்கியது. எளிய மக்களிடம் நிகழ்ந்தது வேறு. ஊரார் அனைவரும் ஓரூரினராயிருக்க, அவருள் ஒருவனை ஊர்ப்பெயரால் அழைப்பதில் பயனில்லை. அயலூரில் குடியேறியவனுக்கே அப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆதலின், இத்தகைய பெயர்கள் பெரும்பாலும் புலம்பெயர்ந்தோரின் பெயர்களே.

ஃபிராங்க் சுவெட்டன்ஹமும் செஷயரில் பிறந்தவரல்லர். 1850இல் அண்டை வட்டாரமான டார்பிஷயரின் பெல்பர் நகரில் பிறந்தவர். அவர் பெயர் கிள்ளானில் நீங்கிவிட்ட போதிலும், பினாங்கு ஜார்ஜ் டவுனின் கப்பல் துறை இன்றும் சுவெட்டன்ஹம் என்றே வழங்குகிறது.