'பிப்டி'காரரும் 'புல்லட்'காரரும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு மேலே ஏலத் தோட்டங்கள். ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையே ஓயாத போக்குவரத்து. விடியற்காலையிலேயே தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. பஸ் போகிறது. லாரி போகிறது. இவற்றுக்கு நடுவே, தாமும் ஒரு வாகனம்தான் என்று மோட்டார் சைக்கிள்களும் ஏறி இறங்குகின்றன.

முந்தலைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. போடிமெட்டைத் தொடுவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள்! கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் இருக்கிறது போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம்.

இந்தச் சாலையில் போகிறவர்களுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர்கள் பல. புல்லட்டில் போனால் அவர் 'புல்லட்காரர்'. மொபெட்டில் போனால் 'பிப்டிகாரர்'. தோல் சட்டை, முழங்கால் கவசம், கையுறை சகிதமாக ஞாயிற்றுக்கிழமை மூணாறுக்குப் போகும் வெளியூர் வாலிபர் தம்மை 'ரைடர்' என்று சொல்லிக்கொள்கிறார். முதுகுக்குப் பின்னால் சாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு தினமும் அதே மலையில் ஏறுகிறவரிடம் போய், "என்ன வண்டிண்ணே வச்சிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

"நம்மகிட்ட என்ன தம்பி, ஒரு பிப்டிதான்" என்பார். அந்தத் 'தான்' என்ற சொல்லில் எவ்வளவு அடக்கம்!

பெயர் மாறவில்லை

டி.வி.எஸ். 50 என்ற மொபெட் ஓசூரில் தயாராகி 1980-ல் விற்பனைக்கு வந்தது. இரண்டு பேர் உட்காரலாம். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. கைப்பிடியை முறுக்கினால் போகும். பால்காரரும் காய்கறிக்காரரும் துணி வியாபாரியும் அதில் ஏற்றாத சுமை இல்லை.

'50' என்பது எஞ்சினின் அளவு. எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கொள்ளளவைச் சி.சி. என்ற கணக்கில் சொல்லுவார்கள். அந்த நாள் வண்டிக்கு அது ஏறக்குறைய 50 சி.சி.

பிறகு வண்டி வளர்ந்தது, பெயர் வளரவில்லை. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் 99.7 சி.சி. ஆனாலும் ஜனங்களின் வாயில் அதுவும் 'பிப்டி'தான்! கியர் இல்லாத ஸ்கூட்டர் எந்தக் கம்பெனியுடையதானாலும் 'ஸ்கூட்டி' ஆகிவிடுவதைப் போல.

கூப்பிடும் பெயர்தானே, அதனால் என்ன என்று நினைக்கலாம். பெற்றோர் இங்கேதான் கவனிக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டப்படி, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை ஓட்ட 16 வயதில் லைசென்ஸ் வாங்கலாம். அதற்கு மேற்பட்ட எஞ்சினுக்கு 18 வயது ஆக வேண்டும். "பிப்டிதானே, பையன் ஓட்டட்டும்" என்று சாவியைக் கொடுத்தால், சட்டம் வாயில் வரும் பெயரைப் பார்ப்பதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சி.சி.யைத்தான் பார்க்கிறது.

2019-ல் சட்டம் இன்னும் கடுமையாகிவிட்டது. வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. கடைக்குப் போய் அரைக் கிலோ சர்க்கரை வாங்கிவர இவ்வளவு விலையா?

வலது கால் வழக்கம்

புல்லட்டின் கதை வேறு. அது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த ராயல் என்பீல்டு வண்டி. நமது ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்காக வாங்கப்பட்டது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. சென்னையில் புல்லட் நிற்கவில்லை. தாய்வீடு பூட்டப்பட்ட பிறகும் புகுந்த வீட்டில் வாழ்ந்த மருமகள் என்று இதைச் சொல்லலாம்.

அந்தப் பழைய புல்லட்டில் ஒரு விசேஷம். கியர் வலது காலில். பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளில் இதற்கு நேர்மாறு.

இருபது முப்பது வருஷம் பழைய புல்லட் ஓட்டியவர் புது வண்டியில் ஏறினால் என்ன ஆகும்? சமவெளியில் ஒன்றும் ஆகாது, யோசித்து ஓட்டுவார். வளைவில் திடீரென்று லாரி எதிரே வந்தால் யோசிக்க நேரம் ஏது? இடது கால் தானாகவே அழுத்தும். அங்கே பிரேக் இல்லை, கியர்தான் இருக்கிறது! அப்பாவின் பழைய புல்லட்டை ஓட்டிப் பார்க்கும் பிள்ளைக்கும் இதே ஆபத்துத்தான். 'புல்லட்காரர்' என்ற மிடுக்கான பெயர் அந்த நொடியில் உதவிக்கு வராது. மலை ஏறுவதற்கு முன்பு நாலு நாள் ஊருக்குள் ஓட்டிக் காலைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

சீமையில் நடந்த சண்டை

வண்டியைப் பார்த்து மனிதனுக்குப் பெயர் சூட்டுவது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல.

இங்கிலாந்தில் 1960-களில் இரண்டு கூட்டத்து வாலிபர்கள் இருந்தார்கள். நறுக்கென்று கோட்டும் சூட்டும் அணிந்து ஸ்கூட்டரில் போகிறவர்கள் 'மாட்ஸ்'. தோல் சட்டை போட்டு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் 'ராக்கர்ஸ்'. 1964-ல் விடுமுறை நாட்களில் பிரைட்டன் முதலான கடற்கரை ஊர்களில் இவர்கள் மோதிக்கொண்டார்கள். போலீசார் பலரைக் கைது செய்தார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் 1947 ஜூலையில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு வந்த கூட்டம் ரகளை செய்தது. பத்திரிகைகள் எழுதின, 1953-ல் சினிமாவும் வந்தது. 'நூற்றுக்கு 99 பேர் நல்லவர்கள்தான்' என்று மோட்டார் சைக்கிள் சங்கம் சொன்னதாக ஒரு பேச்சு பரவியது. உடனே சில கூட்டத்தார், 'அந்த மீதி ஒருவர் நாங்கள்தான்' என்று '1 சதவிகிதம்' என்ற சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டார்கள்! பழிச்சொல்லையே பட்டமாக்கிக்கொண்ட கதை இது.

நம் நாட்டில் சட்டையில் தைப்பதில்லை, வண்டியில் ஒட்டுகிறோம். சாமி பெயர், பிள்ளைகள் பெயர், நடிகர் படம். அவை போகட்டும். ஜாதிப் பெயரை ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 'போலீஸ்', 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டால் சோதனைச் சாவடியில் கேள்வி இராது என்பது சிலருடைய எண்ணம். சென்னையில் இப்படி ஒட்டியவர்கள் மீது 2024 மே 2 முதல் போக்குவரத்துப் போலீசார் நடவடிக்கை எடுத்தார்கள். நம்பர் பிளேட்டில் நம்பர் மட்டுமே இருக்க வேண்டும். தேனி மாவட்டத்துக்கு டி.என். 60, இடுக்கிக்கு கே.எல். 06 என்று அரசாங்கம் கொடுத்த அடையாளம் போதாதா?

உண்மையிலேயே பார்த்து வாங்க வேண்டிய ஒட்டு எழுத்து ஒன்று உண்டு. அது ஹெல்மெட்டில் இருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக் கூடாது என்று 2021 ஜூன் 1 முதல் தடை இருக்கிறது. ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயமாயிற்று. அதைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடிக்கு அடிபடாது!

இறக்கம்

மலைச் சாலையில் ஏறுவது எஞ்சினுக்குச் சோதனை. இறங்குவது மனிதனுக்குச் சோதனை.

எஞ்சினை நிறுத்திவிட்டு, அல்லது நியூட்ரலில் போட்டு, சும்மா உருட்டிக்கொண்டே இறங்குவது சிலருக்கு வழக்கம். பெட்ரோல் மிச்சமாம்! கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்து வேகத்தை அடக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடுகிறது. பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறும், சூடு ஏற ஏறப் பிடிப்புக் குறையும். எஞ்சினை நிறுத்தினால் பல வண்டிகளில் முன்விளக்கும் அணைந்துவிடும். மூடுபனி இறங்கும் மலையில் இது விளையாட்டா?

பெட்ரோல் கணக்கும் தப்பு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி அமலான பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலைப் பீய்ச்சும் முறையில் ஓடுகின்றன. கியரில் வைத்து, முறுக்கை முழுதும் விட்டு இறங்கினால், பெட்ரோல் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும்!

எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பாடம். பிப்டியில் மாற்றுவதற்குக் கியர் இல்லை. அதனால் பிரேக்குக்கு அதிக வேலை. மூட்டையோடு இறங்குகிறவர் வழியில் வண்டியை நிறுத்தி, பீடியோ தேநீரோ முடியும் வரை சக்கரத்தை ஆறவிடுகிறார் என்றால், அதைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. இரண்டு வண்டிகள் போக இடம் போதாத மலைச் சாலையில், ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். பெரிய வண்டி, சிறிய வண்டி என்ற பேதம் இதில் கிடையாது. 350 சி.சி. வண்டியில் இறங்கி வருகிறவர் வளைவில் ஒதுங்கி நின்றால், ஒரு காலை ஊன்றி மறுபடி கிளம்ப ஒரு நிமிஷம் ஆகாது. ஆளும் மூட்டையுமாக ஏறி வருகிற பிப்டி வளைவில் நின்றுவிட்டால், பின்னால் இருப்பவர் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.