ஜிபே இருக்கு, டவர் இல்ல... அப்போ என்ன பண்றது?

“அண்ணாச்சி, போட்டாச்சு. சத்தம் வந்துச்சா?”

“இன்னும் வரலையே தம்பி...”

நெல்லை டீக்கடைகளில் தினமும் கேட்கும் பேச்சுதான். பெரும்பாலும் அரை நிமிஷத்தில் சரியாகிவிடும். ஆனால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நிலைமையே வேறு. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை தாண்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளுடன் சிக்கி நின்றது. கரன்ட் போச்சு, பல இடங்களில் சிக்னலும் போச்சு.

அந்த மாதிரி நேரத்தில் அக்கவுன்ட்டில் எவ்வளவு இருந்தாலும் ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாது. யுபிஐ எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் மாற்று வழி தெரியும்.

பேங்க் சர்வர் டவுனா?

யுபிஐ லைட் கைகொடுக்கும். முன்கூட்டியே 5,000 ரூபாய் வரை அதில் போட்டு வைக்கலாம். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே அனுப்பலாம். ஒவ்வொரு முறையும் உங்கள் பேங்க் சர்வரைத் தொட வேண்டியதில்லை. ஆனால், நெட் வேணும்.

நெட் இல்ல, சிக்னல் இருக்கா?

*99# டயல் பண்ணுங்க. பேங்க்கில் பதிவான நம்பராக இருக்க வேண்டும். பட்டன் போனிலும் ஓடும். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். சில சிம்களில் வேலை செய்யாது. அதனால் இப்பவே ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க.

டவரே இல்லையா?

டவருக்கும் கரன்ட் வேணும். பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் போகவும் வழியில்லை என்றால் டவர் அணைந்துவிடும். கடைக்காரரின் சவுண்ட் பாக்ஸும் பேசாது. ஏடிஎம்முக்கும் கரன்ட், நெட்வொர்க் இரண்டும் தேவை. அப்போது பெரும்பாலும் கைகொடுப்பது ரொக்கம்தான்.

காசு கழிஞ்சிருச்சு, கடைக்குப் போகலையா?

பதற வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவுப்படி, கடைக்கு அனுப்பிய பணம் 5 நாளுக்குள்ளும், தனிநபருக்கு அனுப்பியது மறுநாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பரிவர்த்தனை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, ஆப்பிலேயே புகார் கொடுக்கலாம்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் செய்ய வேண்டியது: பவர் பேங்க்கை முழுசா சார்ஜ் பண்ணுங்க, இரண்டு நாள் பால், அரிசி, மருந்துச் செலவுக்கான பணத்தை 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகளாக மாற்றி வைங்க. வெள்ளத்துல 500 ரூபாய்க்குச் சில்லறை கிடைக்கிறதும் கஷ்டம்தான்.