ஏவலும் வேண்டலும் அயற்கூற்றாகும்போது

ஒருவர் கூறியதை மற்றொருவரிடம் எடுத்துரைப்பது நாள்தோறும் நாம் செய்யும் செயல். கூறியவருடைய சொற்களை அப்படியே மேற்கோள் குறிகளுக்குள் வைத்துத் தந்தால் அது நேர்கூற்று. அவற்றின் பொருளை நம் வாக்கியத்தோடு இணைத்துத் தந்தால் அது அயற்கூற்று. ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் செய்தி வாக்கியங்களை ஓரளவு எளிதாக அயற்கூற்றாக்கிவிடுகின்றனர். கட்டளையும் வேண்டுகோளும் வரும்போது இடறுகின்றனர். மாணவர் மட்டுமல்லர், செய்தி எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் அவ்விடத்தில் தடுமாறுவதுண்டு. விதிகள் கடினமானவை என்பது இதற்குக் காரணமன்று. ஒரு கட்டளையை அயற்கூற்றாக்கும்போது, சொல்லப்பட்டது என்ன என்பதோடு, அது எவ்வளவு வலுவுடன் சொல்லப்பட்டது என்பதையும் நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கில அமைப்பு

மேற்பார்வையாளர் ஒருவர் தொழிலாளியிடம், 'வெயிட் ஹியர்' என்கிறார் எனக் கொள்வோம். 'இங்கே காத்திரு' என்பது பொருள். இதன் அயற்கூற்று, 'ஹீ டோல்ட் ஹிம் டு வெயிட் தேர்' என அமையும். இதில் நிகழ்ந்த மாற்றங்கள் மூன்று. முதலாவது, யாரிடம் சொல்லப்பட்டது என்பதை உடன்கொண்டு வரும் 'டோல்ட்' என்னும் வினை அமைந்தது; 'செட்' என்பது இவ்வமைப்புக்குப் பொருந்தாது. இரண்டாவது, ஏவல் வினை 'டு' என்பதை முன்னே பெற்றது. மூன்றாவது, 'ஹியர்' என்ற அண்மை இடச்சொல் 'தேர்' என்ற சேய்மைச் சொல்லாயிற்று. 'டுமாரோ' என்று வந்திருந்தால் அது 'தி நெக்ஸ்ட் டே' ஆகியிருக்கும். தமிழில் 'நாளை' என்பது 'மறுநாள்' ஆவது போன்றதே இது.

எதிர்மறைக் கட்டளையாயின் 'டோன்ட்' நீங்கி 'நாட் டு' வரும். 'டோன்ட் ரன்' என்பது 'ஹீ டோல்ட் தெம் நாட் டு ரன்' என்றாகும். 'ஃபர்பேட்', அதாவது தடைசெய்தார், என்ற வினையைப் பயன்படுத்தினால் 'நாட்' வேண்டுவதில்லை. எதிர்மறை அவ்வினைக்குள்ளேயே அடங்கியுள்ளது.

செய்தி வாக்கியத்தில் காலம் பின்னோக்கி நகரும் என்று கற்ற மாணவர் கட்டளையிலும் அதைச் செய்ய முயல்கின்றனர். ஏவல் வினைக்குக் காலம் காட்டும் உறுப்பு இல்லை. ஆகவே நகர்த்துவதற்கு ஒன்றுமில்லை. கட்டளையோடு இணைந்து வரும் துணை வாக்கியத்திற்கு மட்டும் அவ்விதி பொருந்தும். 'வெயிட் அன்டில் ஐ கம்' என்பது 'ஹீ டோல்ட் ஹிம் டு வெயிட் அன்டில் ஹீ கேம்' ஆகிறது. 'வெயிட்' மாறவில்லை, 'கம்' மட்டுமே 'கேம்' ஆயிற்று.

வினைச்சொல்லைத் தேர்தல்

இதுவரை கூறியது வடிவம். கடினமானது அறிவிக்கும் வினையைத் தேர்வது. 'டோல்ட்' என்பது சொன்னார் என்ற பொதுநிலை. 'ஆர்டர்ட்' என்றால் ஆணையிட்டார். 'ரிக்வெஸ்டட்' என்றால் வேண்டிக்கொண்டார். 'பெக்ட்' என்றால் மன்றாடினார். 'அட்வைஸ்ட்' என்றால் அறிவுறுத்தினார். 'வார்ன்ட்' என்றால் எச்சரித்தார். 'வெயிட் ஹியர்' என்ற ஒரே நேர்கூற்று இவற்றுள் எதனோடும் சேரக்கூடும். நேர்கூற்றில் குரலும் முகமும் காட்டியதை அயற்கூற்றில் ஒரு வினைச்சொல் காட்டியாக வேண்டும். 'பிளீஸ்' என்ற சொல் அயற்கூற்றில் இடம்பெறாது. அதன் பணிவு 'ரிக்வெஸ்டட்' முதலான வினைக்குள் சென்று தங்குகிறது.

வினா வடிவில் வரும் வேண்டுகோள் மேலும் நுட்பமானது. 'குட் யூ க்ளோஸ் தி டோர்?' என்பது வடிவால் வினா. அதனை 'உங்களால் கதவை மூட முடியுமா என்று வினவினார்' என மாற்றினால், கேட்டவர் மற்றவரின் உடல்வலிமையை ஆராய்ந்தார் என்று பொருள்பட்டுவிடும். 'கதவை மூடுமாறு கேட்டுக்கொண்டார்' என்பதே பொருத்தம். 'கேன் யூ ஸ்விம்?' என்று நீச்சல் ஆசிரியர் கேட்பதோ உண்மையான வினா. அங்கே 'நீந்தத் தெரியுமா என்று வினவினார்' என்பதே சரி. இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. கேட்டவர் எதிர்பார்ப்பது விடையா, செயலா என்று நோக்குக. விடையாயின் வினா; செயலாயின் வேண்டுகோள். ஆங்கிலத்தில் 'ஆஸ்க்' என்ற ஒரே வினை இரண்டுக்கும் வருவதால், இச்சோதனையைத் தவிர்க்க இயலாது.

தமிழ் மரபு

சொல்லின் வலு சொல்வோரின் நிலையைச் சார்ந்தது என்பதைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறும் சொற்கள். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் 'ஈ' என்றும், ஒத்தோன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கேட்பது மரபு எனத் தொல்காப்பியம் வகுத்தது. நன்னூலும் அதனை ஏற்றது. வியங்கோள் என்னும் ஒரே வினை வடிவம் வாழ்த்தாகவும் வசையாகவும் வேண்டுகோளாகவும் ஏவலாகவும் வரும் என்பதும் இலக்கண நூலார் கண்டதே. 'வாழ்க' என்றவரை 'வாழ்த்தினார்' என்போம். 'ஒழிக' என்றவரை 'சபித்தார்' என்போம். வடிவம் ஒன்றாயினும் எடுத்துரைக்கும் வினை வேறாகிறது.

இன்றைய தமிழில் கட்டளையை அயற்கூற்றாக்க 'வரச் சொன்னார்', 'வரும்படி கூறினார்', 'வருமாறு கேட்டுக்கொண்டார்' என்ற அமைப்புகள் உள்ளன. இவற்றுள் 'வரச் சொன்னார்' என்பதன் வீச்சு மிகப் பெரிது. அம்மா மகனைச் சாப்பிட வரச் சொன்னாலும், அதிகாரி ஒருவரை விசாரணைக்கு வரச் சொன்னாலும் அமைப்பு ஒன்றே. எதிர்மறையில் 'வர வேண்டாம் என்றார்' என்போம். அதுவும் தடையா, அறிவுரையா, அன்பா என்பதை வெளிப்படுத்துவதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு மிக அண்மையில் நிற்பது 'டோல்ட்' என்ற வினையே.

வலு மாறினால் நேர்வது

ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகளாக விளங்கும் சிங்கப்பூரில் இவ்வேறுபாடு வகுப்பறையோடு முடிவதில்லை. தமிழகத்திலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்துவிடுகிறார் எனக் கொள்வோம். விசாரணையில் அவர், 'மேற்பார்வையாளர் என்னை ஏறச் சொன்னார்' என்கிறார். உரைபெயர்ப்பாளர் இதனை 'ஆர்டர்ட்' என்று பெயர்த்தால், மறுக்க முடியாத ஆணை ஒன்று இருந்ததாகப் பதிவாகும். 'சஜெஸ்டட்' என்று பெயர்த்தால், அவர் தம் விருப்பப்படியே ஏறினார் என்ற எண்ணம் எழும். 'அலவ்ட்' என்றால், அவரே இசைவு கேட்டதாகிவிடும். அத்தொழிலாளி இம்மூன்றையும் சொல்லவில்லை. 'டோல்ட்' என்று பெயர்த்து, மேற்பார்வையாளர் உரைத்த சொற்கள் யாவை என்று விசாரிப்பவர் கேட்க இடமளிப்பதே நேர்மையான பெயர்ப்பு. அச்சொற்கள் கிடைத்தபின், வலுவை எடைபோடுவது விசாரிப்பவரின் கடமை, உரைபெயர்ப்பாளரின் கடமையன்று.

மறுதிசையிலும் இடர் உண்டு. 'யூ மைட் வான்ட் டு டை தட் ரோப் ஃபர்ஸ்ட்' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், 'முதலில் அக்கயிற்றைக் கட்டுங்கள்' என்பதே பெரும்பாலும் அவர் கருத்து. 'நீங்கள் கட்ட விரும்பலாம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அறிவுறுத்தல் மறைந்து, கயிறு கட்டப்படாமலே போகலாம். செய்தி எழுதுவோரும் இதனைக் கருத வேண்டும். காவல்துறை அதிகாரி வாகனத்தை நிறுத்தப் பணித்ததை 'நிறுத்துமாறு கேட்டுக்கொண்டார்' என்றால், மறுக்க உரிமை இருந்ததுபோல் தோன்றும். ஓர் அமைப்பு பொதுமக்களிடம் விடுத்த வேண்டுகோளை 'உத்தரவிட்டது' என்றால், இல்லாத அதிகாரத்தை அதற்கு வழங்கியவராவோம்.

ஆகவே, மாணவர்க்கு இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மேற்கோள் குறியை நீக்குவதிலும் 'டு' சேர்ப்பதிலும் நின்றுவிடலாகாது. யார் யாரிடம் சொன்னார், மறுக்க இடமிருந்ததா, எதிர்பார்த்தது விடையா செயலா என்னும் மூன்று வினாக்களையும் மாணவர் முதலில் எழுப்பப் பழக வேண்டும். சூழல் தெளிவாக இருந்தால் வலுவுக்கேற்ற வினையைத் துணிந்து தேர்க. தெளிவில்லையெனில் 'சொன்னார்', 'டோல்ட்' என்ற பொதுவினைகளே போதும். பிறர் வாய்மொழிக்கு அவர் தராத வலுவை நாம் தருவதும், தந்த வலுவைக் குறைப்பதும் அவர் கூற்றை மாற்றுவதே ஆகும்.