முகாமில் வீட்டுப் பியர்: குளிரும் சட்டமும்

வீட்டில் தயாரித்த பியரைக் கெக் எனப்படும் உலோகக் கலனில் நிரப்பி, முகாமிடச் செல்லும்போது உடன் எடுத்துச் சென்று, குழாய்வழியே குளிரக் குளிரப் பரிமாறும் வழக்கம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பலரிடம் உண்டு. தமிழ்க் குடும்பங்களிலும் இதில் ஆர்வம் கொண்டோர் உள்ளனர். அவர்களிடம் பொதுவாக எழும் ஐயங்கள் இரண்டு: இதற்குச் சட்டம் இடமளிக்கிறதா? மின்சாரம் இல்லாத இடத்தில் பியரைக் குளிராக வைத்திருப்பது எவ்வாறு?

முதல் ஐயம் இயல்பானதே. கசிப்பு, கள்ளச்சாராயம் என்னும் சொற்களைக் கேட்டு வளர்ந்தோருக்கு, வீட்டில் தயாரிக்கும் மது எதுவாயினும் குற்றம் என்றே தோன்றும். ஆஸ்திரேலியச் சட்டம் நொதிக்க வைத்தலையும் வடித்தலையும் வெவ்வேறாகக் கருதுகிறது. முளைகட்டிய பார்லியை ஈஸ்ட் கொண்டு நொதிக்க வைத்து, வணிக நோக்கமின்றி, வணிகத்திற்குரியதல்லாத கருவிகளால் தயாரிக்கும் பியருக்கு உரிமமும் தேவையில்லை, கலால் வரியும் இல்லை. வடித்துச் சாராயம் எடுப்பதோ, சொந்தப் பாவனைக்கு ஒரு போத்தல் மட்டுமே என்றாலும், உரிமமின்றிச் செய்யத்தக்கதன்று.

விலக்கு பெற்ற இந்தப் பியரை விற்கலாகாது. கோப்பைக்கு இவ்வளவு என்று பணம் பெறுவது விற்பனையாகும். அதை நன்கொடை என்று அழைத்தாலும், உண்டியல் வைத்துப் பெற்றாலும் நிலை மாறாது. முகாமுக்கு வரும் குடும்பங்கள் உணவுக்கும் இடவாடகைக்கும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். பியர், தயாரித்தவரின் விருந்தாகவே இருக்கட்டும்.

இரண்டாவது ஐயத்திற்கான விடை, பியரில் கரைந்துள்ள கரியமில வாயுவின் (காபனீரொட்சைட்டு) இயல்பில் அடங்கியுள்ளது. குளிர்ந்த திரவம் வாயுவைத் தன்னுள் இருத்திக்கொள்ளும். சூடான திரவம் அதை வெளியே தள்ளும். வழக்கமான அளவு வாயு கரைந்த பியரை 4 பாகை செல்சியஸில் நிலையாக வைத்திருக்க ஏறத்தாழ 80 கிலோபாஸ்கல் அழுத்தம் போதும். அதே பியர் 25 பாகைக்குச் சூடேறினால் 240 கிலோபாஸ்கல் வேண்டும், அதாவது மும்மடங்கு. அந்த அழுத்தத்தில் குட்டையான பிளாஸ்டிக் குழாயைத் திறந்தால் கோப்பையில் விழுவது நுரை மட்டுமே. நுரையைக் கண்டு பலர் உடனே அழுத்தத்தைக் குறைப்பர். அதனால் பயனில்லை: அழுத்தம் குறையக் குறையப் பியரில் உள்ள வாயு குழாய்க்குள்ளேயே பிரிந்து மேலும் நுரைக்கும். உண்மையான மருந்து குளிர் ஒன்றே. முதற்கோப்பை மட்டும் நுரைத்தால் கவலை வேண்டாம். வெயிலில் இருந்த குழாய் குளிர்ந்ததும் அது சரியாகிவிடும்.

ஆகவே, குளிரூட்டும் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். 19 லீட்டர் பியரை 25 பாகையிலிருந்து 4 பாகைக்குக் கொண்டுவர மட்டும் ஏறக்குறைய 5 கிலோ பனிக்கட்டி உருகித் தீரும். கடையில் கிடைக்கும் பெரிய பை ஒன்று, ஒரு கோப்பையும் ஊற்றப்படும் முன்பே கரைந்துவிடும் என்று பொருள். புறப்படும் முன் ஒரு முழுநாளேனும் கெக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால், எடுத்துச் செல்லும் பனிக்கட்டி முழுவதும் அந்தக் குளிரைக் காப்பதற்கே பயன்படும். இரண்டு லீட்டர்ப் பால் போத்தல்களைக் கழுவி, விரிவதற்குச் சிறிது இடம் விட்டு நீர் நிரப்பி உறைய வைத்தால் செலவும் இல்லை; பெரிய கட்டிகள் சிறு துண்டுகளைவிட மெதுவாகவே உருகும்; உருகிய நீரைக் குடிக்கவும் செய்யலாம்.

கெக்கைக் குளிர்பெட்டியில் (எஸ்கி) நிறுத்திச் சுற்றிலும் பனிக்கட்டி இட்டபின், சேரும் நீரை வடித்துவிடுவது பலரின் வழக்கம். அது வேண்டியதில்லை. பனித்துண்டுகள் கலனை ஆங்காங்கே மட்டுமே தொடும். பனிநீரோ அதன் சுவர் முழுவதையும் தழுவி நின்று வெப்பத்தை விரைவாக வாங்கிக்கொள்ளும். கலன் பெட்டியை விட உயரமாக இருந்தால், வெளியே தெரியும் பகுதியைத் தடித்த போர்வையால் மூடி நிழலில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று குடும்பங்களுக்கு 19 லீட்டர் மிகையே. 5 அல்லது 10 லீட்டர்ச் சிறு கெக் குளிர்பெட்டிக்குள் முழுமையாக அடங்கிவிடும்.

ஈரச்சாக்கைச் சுற்றிக் காற்றில் வைப்பது பழைய உபாயம். 1890-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி பொன்வயல்களில், ஈரச்சாக்குத் துணி போர்த்திய உணவுப்பேழை இவ்வாறே இயங்கியது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே நியாயத்தால்தான்: ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் காற்று உலர்ந்திருக்க வேண்டும். மலைத்தொடருக்கு அப்பால், மட்ஜி போன்ற உள்நாட்டுப் பகுதிகளின் கோடையில் இது உதவும். ஈரக்காற்று வீசும் கடலோர முகாம்களில் அதிகம் எதிர்பார்க்கலாகாது.

கெக்கையே குளிரூட்ட இயலாத பெருங்கூட்டத்திற்கு வேறொரு முறை உண்டு. பதினைந்து மீட்டர் அளவிலான துருப்பிடிக்காத உருக்குக் குழாயைச் சுருளாக்கிப் பனிநீர்ப் பெட்டிக்குள் வைத்து, பியரை அதனூடே செலுத்துவதே அது. கெக் வெளியே சூடாக நிற்கலாம். அழுத்தத்தை அந்த வெப்பத்திற்கு ஏற்ப 240 கிலோபாஸ்கல் அளவில் வைத்தால், நீண்ட சுருளின் தடை அந்த வேகத்தைத் தணித்துக் கோப்பையில் அமைதியாக ஊற்றும். இங்கும் பனிக்கட்டியோடு நீர் சேர்ந்திருக்க வேண்டும். சுருளுக்குப் பதிலாக உலோகத் தட்டு கொண்ட பெட்டியாயின் விதி நேர்மாறு. அதில் உருகிய நீரை வடித்துப் பனிக்கட்டியைத் தட்டின்மேல் படிய வைக்க வேண்டும்.

வீட்டுப் பியரின் அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கியிருக்கும். மலைப்பாதையில் குலுங்கினால் அது முழுதும் கலங்கிவிடும். தெளிந்த பியரை வீட்டிலேயே வேறொரு சுத்தமான கலனுக்கு மாற்றிவிடுவதும், முகாமை அடைந்தபின் ஓர் இரவு அசையாமல் வைப்பதும் நலம்.

வாயு உருளை குறித்துக் கூடுதல் கவனம் தேவை. கரியமில வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. காற்றைவிடக் கனமானதால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். வீட்டுப் பாவனைக்குரிய 2.6 கிலோ உருளை ஒன்று முழுவதும் கசிந்தால் ஏறத்தாழ 1,400 லீட்டர் வாயு வெளிவரும். ஒரு சிறு காரின் உட்புறமே சுமார் 3,000 லீட்டர்தான். எனவே, உருளையின் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்த்திக் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும். வாகனச் சாளரங்களைச் சிறிது திறந்துவைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வாகனத்தில் உருளையை ஒருபோதும் விட்டுவைக்கலாகாது. கூடாரத்திற்குள்ளும் வைக்கலாகாது, அங்கே தரையில் உறங்குவோர் பெரும்பாலும் குழந்தைகளே. குறுகிய பயணத்திற்கு 16 கிராம் சிறு வாயுக்குப்பிகள் போதும்: முன்பே வாயு ஏற்றிக் குளிரூட்டிய 5 லீட்டர் கெக்கிற்கு ஒன்றும், 19 லீட்டருக்கு நான்கைந்தும் தேவைப்படும்.

பிளாஸ்டிக் கெக்கும் கண்ணாடிப் போத்தலும் வெயிலில் நிற்கும் காரில் ஆபத்தானவை. உட்புறம் 45 பாகையை எட்டினால் பியரின் அழுத்தம் 400 கிலோபாஸ்கலை நெருங்கும். பிளாஸ்டிக் கலன் தாங்கும் அழுத்தம் அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, எளிதில் மறக்கப்படுவதும் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடியதுமான ஒன்று. கடையில் வாங்கும் பியரின்மேல் அதன் மதுச்செறிவு அச்சிடப்பட்டிருக்கும். வீட்டுக் கெக்கின்மேல் எதுவும் இராது. விருந்தினர் தாம் எவ்வளவு குடித்தோம் என்று கணக்கிட வழியில்லை. தயாரிப்பவர் ஹைட்ரோமீட்டர் என்னும் அடர்த்திமானியால் நொதிக்குமுன் ஒருமுறையும் நொதித்து முடிந்தபின் ஒருமுறையும் அளந்து, வேறுபாட்டை 131-ஆல் பெருக்கினால் செறிவு கிடைக்கும். 1.048 என்று தொடங்கி 1.010 என்று முடிந்த பியர் ஏறக்குறைய 5 விழுக்காடு. அதில் 425 மில்லிலீட்டர் ‘ஸ்கூனர்’ ஒன்று 1.7 நிலையளவுப் பானத்திற்குச் சமம். நிலையளவு என்பது 10 கிராம் தூய மதுசாரம். ஒரு நாளில் நான்கையும் ஒரு வாரத்தில் பத்தையும் மீறாதிருப்பதே ஆரோக்கியமான வயதுவந்தோருக்கான தேசிய வழிகாட்டல். இந்த எண்களை ஓர் அட்டையில் எழுதிக் கெக்கில் கட்டிவிடுவது தயாரித்தவரின் கடமை எனலாம்.

முழு உரிமம் பெற்ற ஓட்டுநருக்கு இரத்த மதுசார வரம்பு 0.05, பயிலுநருக்கும் ‘பி’ உரிமத்தினருக்கும் பூச்சியம். உடல் ஒரு நிலையளவை நீக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். காப்பியோ குளிர்நீர்க் குளியலோ இதை விரைவுபடுத்தாது. நள்ளிரவுவரை குடித்தவர் காலையில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வாகனம் ஓட்டும்போதும் வரம்பை மீறியிருக்கலாம்.

18 வயதுக்குக் குறைந்தோருக்கு, அவர்தம் பெற்றோரோ பாதுகாவலரோ அல்லாத ஒருவர், அவர்களின் ஒப்புதலின்றி மது கொடுப்பது குற்றமாகும். மாமா, பெரியப்பா என்ற உறவுமுறை இதற்கு விலக்காகாது. ஒப்புதல் இருந்தாலும் பொறுப்பான மேற்பார்வை வேண்டும். அதே கருவியில் இஞ்சிப் பானத்தையும் பரிமாறலாம். பலரும் பயன்படுத்தும் 19 லீட்டர்க் கெக் முதலில் குளிர்பானத் தொழிலுக்காகவே உருவானது. ஆயினும் இரு குழாய்களுக்கும் குழந்தைகளால் அறியத்தக்க வேறுபட்ட நிறம் இருக்கட்டும்.

மது அருந்தத்தகாத இடங்கள் குறித்து: 1993ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின்கீழ் நகரசபைகள் தெருக்களையும் நடைபாதைகளையும் மதுவற்ற வலயங்களாகவும், பூங்காக்களை மது தடைசெய்யப்பட்ட இடங்களாகவும் அறிவிக்கலாம், அவ்விடங்களில் அறிவிப்புப் பலகை இருக்கும். தேசியப் பூங்காக்களிலும் தனியார் முகாம்களிலும் விதிகள் இடத்துக்கு இடம் மாறுவதால், முன்பதிவு செய்யும்போதே கேட்டறிய வேண்டும். தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்னும் எண்ணில் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, நகரசபை அலுவலகத்துடன் இணைக்குமாறு கேட்கலாம்.