தறிக்குழியும் தோட்டமும்

சென்ற மாதம் பவானியில், ஜமக்காளம் நெய்யும் தறிக்கூடம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அங்குள்ள முதிய நெசவாளர், முதுகுவலிக்காக எங்களிடம் சிகிச்சை பெறுபவர். குழித்தறியில் கால்களை இறக்கி, நாள் முழுவதும் குனிந்து நெய்பவர். ‘மணிக்கொருமுறை எழுந்து நடக்கவும்’ என்று நாங்கள் எழுதித் தந்தது நெடுநாள் சீட்டிலேயே இருந்தது. எழுந்தால் நெசவு நிற்கும், கூலி குறையும்.

இப்போது நடக்கிறார். காரணம், தறிக்கூடத்தை ஒட்டி அவர் மனைவி வளர்க்கும் தோட்டம்: முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி. “ஏனுங்க, செடி வாடுதுங்க, ஒரு சொம்புத் தண்ணி ஊத்திட்டு வாங்க” என்று அம்மையார் அழைக்க, இவர் எழுகிறார். எங்கள் சீட்டால் ஆகாததைச் செடி செய்தது.

பசுமையின் பயனை மருத்துவ உலகமும் அறியும். அமெரிக்காவில் பித்தப்பை அறுவைசிகிச்சை பெற்ற 46 பேரைப் பற்றி ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வில், சன்னல்வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். அவர்களுக்குக் கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

வீடு திரும்பும் அன்பர்களே, தோட்டம் இல்லையெனில் ஒரு துளசித் தொட்டி போதும். அதை நாற்காலியின் அருகில் வைக்காதீர்கள்; மருத்துவர் அனுமதித்த அளவு நடந்துசென்று நீரூற்றும் தொலைவில் வையுங்கள்.